பேர் தெரியாத ஊரில் ஒரு கல்லூரி: வாசகர் கேள்வி – பதில்

ஏப்ரல் பிறந்தால் போதும், வெளிநாட்டுப் படிப்பு பற்றிய கடிதங்கள் குவிந்துவிடும். இந்த முறை பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வந்திருக்கின்றன: அமெரிக்காவில் சின்ன ஊர்களில் இருக்கும் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள், அதாவது அறிவியல், இலக்கியம், தத்துவம் என்று பல துறைகளையும் சேர்த்துப் படிக்கிற சின்ன இளங்கலைக் கல்லூரிகள். நானும் மின்னசோட்டாவில் வயல்வெளிக்கு நடுவே அப்படி ஒரு கல்லூரியில் படித்தவள். இப்போது சென்னையில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: மேடம், என் மகளுக்கு அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தில் கிரினெல் என்ற ஊரில் உள்ள கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. உதவித்தொகை போக எங்கள் பங்கு வருடத்துக்கு 6 லட்சம் ரூபாய் வரும். வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. அந்த ஊரின் மொத்த ஜனத்தொகையே ஒன்பதாயிரத்துச் சொச்சம் என்று தெரிந்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. சொந்தக்காரர்களோ, "பேரே கேள்விப்படாத காலேஜுக்கு அவ்வளவு தூரம் அனுப்பணுமா? இங்கேயே நல்ல இன்ஜினீயரிங் காலேஜில் சேர்த்துவிடு" என்கிறார்கள். மே 1-க்குள் பதில் சொல்ல வேண்டும். என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், அயனாவரம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பண விஷயத்தில் நான் கீழே கேட்டிருப்பவற்றுக்குச் சரியான பதில் கிடைத்தால், தாராளமாக அனுப்புங்கள்.

முதலில் உங்கள் சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது. கிரினெல் கல்லூரி 1846-இல் தொடங்கியது. 1857-இல் வந்த நம் சென்னைப் பல்கலைக்கழகத்தைவிட மூத்தது. படிப்பவர்கள் சுமார் 1,700 பேர். கார்டன் மூருடன் சேர்ந்து 1968-இல் இன்டெல் கம்பெனியைத் தொடங்கிய ராபர்ட் நாய்ஸ் அங்கே படித்து 1949-இல் பட்டம் வாங்கியவர். 1989-இல் வேதியியலுக்கு நோபல் பரிசு பெற்ற தாமஸ் செக்கும் அங்கே படித்தவர்தான். கல்யாண வீட்டில் நாலு பேருக்குத் தெரிந்த பேராக இல்லாமல் இருக்கலாம். மேற்படிப்புக்கு ஆள் எடுக்கும் பல்கலைக்கழகங்களுக்கு அந்தப் பேர் நன்றாகத் தெரியும். கிரினெல், கார்ல்டன், ரீட், ஸ்வார்த்மோர் போன்ற சின்னக் கல்லூரிகளிலிருந்து பிஎச்.டி. வரை போகிறவர்கள், அந்தக் கல்லூரிகளின் அளவை வைத்துப் பார்த்தால் மிக அதிகம்.

நாய்ஸ் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். இன்றைய கம்ப்யூட்டர் சிப்புகளுக்கு அடிப்படையான டிரான்சிஸ்டர் 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜான் பார்டீன், கிரினெல் இயற்பியல் பேராசிரியர் கிராண்ட் கேலுக்குத் தெரிந்தவர். கேல் சும்மா இருக்கவில்லை. உலகத்தில் பெரும்பாலான பேராசிரியர்கள் கண்ணால்கூடப் பார்த்திராத அந்தச் சின்னப் பொருளைக் கேட்டு வாங்கி, மக்காச்சோள வயலுக்கு நடுவே இருந்த நாய்ஸ் உள்ளிட்ட தன் மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். 1948-இல் நாய்ஸ் விடுதி விருந்துக்காகப் பக்கத்துப் பண்ணையில் ஒரு பன்றிக்குட்டியைத் திருடி மாட்டிக்கொண்டார். ஐயோவாவில் அப்போது அது ஜெயிலுக்குப் போகிற குற்றம். கேலும் கல்லூரித் தலைவரும் தலையிட்டுப் பேசியதால் ஒரு செமஸ்டர் விலக்கி வைப்பதோடு போயிற்று. இந்தப் பையன் யார், எப்படிப்பட்டவன் என்று ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது. இன்றும் இந்த மாதிரிக் கல்லூரிகளில் விலை மதிக்க முடியாதது அதுதான், சகோதரி.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். நான் சென்னையில் படித்தபோது வகுப்பில் எழுபது பேர். ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சுற்றி எட்டுப் பேர் நிற்போம். முன்னால் நிற்கிறவன் ரீடிங் சொல்வான், மற்றவர்கள் எழுதிக்கொள்வோம். மின்னசோட்டாவில் முதல் வாரம் ஒரு நீள்வட்ட மேஜை முன்னால் உட்கார வைத்தார்கள். பதினாலு பேர், ஆசிரியரையும் சேர்த்து. முதல் நாள் இரவு படிக்கக் கொடுத்ததைப் படிக்காமல் போனால், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று அந்த மேஜையில் கேட்கும்போது ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. எம்.எஸ்ஸி., பிஎச்.டி. மாணவர்கள் அங்கே இல்லாததால், ஆய்வகத்தில் நல்ல கருவிகளெல்லாம் இளங்கலைப் பிள்ளைகள் கையில்தான். வேக்கம் பம்பைப் பிரித்து, எண்ணெய் மாற்றி, ரப்பர் வளையத்தைத் துடைத்து, கிரீஸ் பூசி மறுபடி மாட்ட எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் பேராசிரியர். இரண்டு பேர் கையிலும் கறுப்பு எண்ணெய். காய்ச்சலில் இரண்டு வகுப்புக்குப் போகாமல் இருந்தேன், விடுதிக்கே போன் செய்துவிட்டார். இன்று என் மாணவர்கள் ஒரு நாள் வரவில்லை என்றால் நான் விசாரிப்பது அங்கே கற்ற பழக்கம்.

கிரினெலில் முதல் செமஸ்டரில் டுட்டோரியல் என்று ஒரு வகுப்பு உண்டு. ஒரு டஜன் பேர் அளவில்தான் இருப்பார்கள். அதை நடத்தும் பேராசிரியரே, பிள்ளை தன் முதன்மைப் பாடத்தை முடிவு செய்கிற வரை ஆலோசகராக இருப்பார். அந்த டுட்டோரியலைத் தவிர கட்டாயப் பொதுப் பாடம் என்று எதுவும் இல்லை. உங்கள் மகளுக்கு எதில் ஆர்வம் என்று நீங்கள் எழுதவில்லை. அவளுக்கே இன்னும் தெரியாமல் இருந்தால் அதுவும் நல்லதுதான், தேடிப் பார்க்க அங்கே அவகாசம் உண்டு.

இப்போது கஷ்டங்கள். குளிர்காலம் நிஜமாகவே கடுமை. ஜனவரி இரவில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி வரை போகும். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். கடைத்தெரு என்றால் நாலு தெரு. பக்கத்தில் பெரிய நகரம் டெ மாய்ன், காரில் ஒரு மணி நேரம்; கார் இல்லாத பிள்ளை நினைத்தபோதெல்லாம் போக முடியாது. பிப்ரவரி மாதம் ரொம்ப நீளமாகத் தெரியும். ரங்கநாதன் தெருவில் இடிபட்டு நடக்க மாட்டோமா என்று நான் ஏங்கியிருக்கிறேன். சின்ன ஊர் என்பதால் எல்லாரும் எல்லாரையும் தெரிந்து வைத்திருப்பார்கள். சண்டை போட்ட தோழியை மறுநாள் காலை சாப்பாட்டுக் கூடத்தில் பார்த்தே ஆக வேண்டும். சென்னைச் சத்தத்தில் வளர்ந்து அதை விரும்புகிற பெண்ணுக்கு அந்த அமைதி பாரமாகலாம். அவளிடம் இதை மட்டும் வெளிப்படையாகக் கேளுங்கள், அவள் பதில் சொல்லி முடிக்கிற வரை குறுக்கே பேசாதீர்கள். உங்கள் கணவரின் கவலைக்கு ஒரு வார்த்தை: இது மாதிரி ஊர்களில் பல குடும்பங்கள் வெளிநாட்டு மாணவர்களைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகப் பண்டிகைக்கு அழைத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. கிரினெலிலும் உண்டு. அனுப்பும் முன்பே அவள் பேரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

பணம். உதவித்தொகை இல்லாமல் அங்கே ஆகும் மொத்தச் செலவு வருடத்துக்கு 80 ஆயிரம் டாலருக்கு மேல். அதில் உங்கள் பங்கு 6 லட்சம் ரூபாய் என்றால் அது பெரிய உதவி. ஆனால் கடிதத்தை வரி விடாமல் படியுங்கள். கல்லூரி தருவதில் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டாத தொகை, எவ்வளவு கடன், எவ்வளவு அவள் வளாகத்தில் வேலை செய்து சம்பாதிக்க வேண்டியது என்று பிரித்துப் பாருங்கள். வகுப்பு நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய விசா அனுமதிக்காது. அப்புறம், கட்டணம் வருடா வருடம் ஏறும். உதவியும் கூடவே ஏறுமா, நாலு வருடமும் வருமா என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். மருத்துவக் காப்பீடு, குளிர்கால விடுமுறையில் விடுதி திறந்திருக்குமா, விமான டிக்கெட், ஜாக்கெட்டும் பூட்ஸும், இவை அந்த 6 லட்சத்துக்குள் வருகின்றனவா? வராவிட்டால் வருடத்துக்கு இன்னும் இரண்டு, மூன்று லட்சம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அப்படிப் போட்டும் வீட்டை அடமானம் வைக்காமல், பி.எஃப். பணத்தில் கை வைக்காமல் முடியும் என்றால் சரி. முடியாது என்றால், மே 1-க்கு முன்பே கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்துக்கு வருமானச் சான்றுகளோடு எழுதி, மறுபரிசீலனை கேளுங்கள். அப்படிக் கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. நிறைய குடும்பங்கள் கேட்கின்றன.

சேருவதாகச் சொன்ன பிறகு, மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைக் கல்லூரி அனுப்பும். வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் பதிவேட்டுக்குக் கட்டும் செவிஸ் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் தனி. ஜெமினி மேம்பாலத்துப் பக்கத்து அமெரிக்கத் தூதரகத்தில் மே, ஜூனில் விசா நேர்காணலுக்கு நேரம் கிடைப்பது கஷ்டம், தள்ளிப்போடாதீர்கள். 2025-லிருந்து மாணவர் விசா கேட்பவர்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்கிறார்கள். மகளிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நான் பிளஸ் ஒன், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். என் அக்காவின் தோழி இந்த மாதிரிக் கல்லூரி ஒன்றில் இருக்கிறாள். எனக்கு சாஃப்ட்வேர் துறைதான் லட்சியம். அங்கே போனால் வரலாறு, இலக்கியம் என்று நேரம் வீணாகிவிடாதா?
– ஒரு மாணவன், அண்ணா நகர்

பதில்: தம்பி, இந்தக் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ், கணிதம், இயற்பியல் எல்லாமே முழுப் பட்டப்படிப்பாக உண்டு. இரண்டாம் வருட முடிவு வாக்கில் முதன்மைப் பாடத்தைச் சொன்னால் போதும். நீ எடுக்கும் பாடங்களில் மூன்றில் ஒரு பங்கு, கூடிப்போனால் பாதி, அதில் இருக்கும். மீதியில் நீ பொருளாதாரமும் தத்துவமும் படிப்பாய், வாரா வாரம் கட்டுரை எழுதுவாய். அந்த எழுத்து வீண் என்று நீ நினைத்தால், அங்கே நாலு வருடம் உனக்கு எரிச்சலாகத்தான் போகும், நம்மூரில் பி.இ. படி, அது நல்ல படிப்பு. மாறாக, கோடிங்கும் பிடிக்கும், புத்தகமும் பிடிக்கும் என்கிற ஆளாக இருந்தால் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

இன்ஜினீயரிங் பட்டமே வேண்டும் என்றால், ஸ்வார்த்மோர், ஹார்வி மட் போன்ற சில சின்னக் கல்லூரிகளிலேயே அது உண்டு. இன்னும் பல கல்லூரிகளில் மூன்று வருடம் அங்கே, இரண்டு வருடம் பெரிய பல்கலைக்கழகத்தில் என்று இரண்டு பட்டம் வாங்கும் வழி இருக்கிறது. ஆனால் கடைசி இரண்டு வருடத்துக்கு உதவித்தொகை கிடைக்கும் என்று நம்பி இறங்காதே. படித்து முடித்ததும் ஒரு வருடம் அங்கே வேலை பார்க்கலாம், கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்ற பாடங்களுக்கு மேலும் இரண்டு வருடம். இந்த விதிகள் மாறக்கூடியவை. அங்கேயே நிலையாக இருந்துவிடலாம் என்ற ஒரே கணக்கில் போகாதே.

கேள்வி: என் பேத்தி இந்த ஆகஸ்டில் ஓஹையோவில் ஒரு கிராமத்துக் கல்லூரிக்குப் போகிறாள். சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வாள் என்பதே எங்கள் கவலை. என்னென்ன கொடுத்து அனுப்பலாம்?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நங்கநல்லூர்

பதில்: ஐயா, பட்டினி கிடக்க மாட்டாள். இந்தக் கல்லூரிகளின் சாப்பாட்டுக் கூடங்களில் சைவத்துக்குத் தனி வரிசை இருக்கும். சாலட், பீன்ஸ், பாஸ்தா, தயிர், பழம் எல்லாம் கிடைக்கும். முட்டை சேர்க்காததைக் கேட்டால் எடுத்துத் தருவார்கள். பிரச்சினை ருசிதான். மூன்றாவது வாரத்தில் நாக்கு செத்துவிடும். நான் பருப்புப் பொடியை உருளைக்கிழங்கு மசியலில் கலந்து சாப்பிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெப்ராஸ்காப் பெண் ஒரு ஸ்பூன் கேட்டு வாங்கி, அப்புறம் என் டப்பாவுக்கு நிரந்தரப் பங்காளி ஆனாள்.

கொடுத்து அனுப்ப: கடையில் சீல் வைத்த பருப்புப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், பெருங்காயம். அரிசி வேண்டாம், தானியத்தில் வரும் வண்டுக்குப் பயந்து நம் நாட்டிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுவர அமெரிக்காவில் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் பறித்துப் போட்டுவிடுவார்கள், அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, அந்த மரங்களுக்கு வரும் நோய் பரவும் என்று. பெட்டியில் என்ன உணவு இருக்கிறது என்பதைச் சுங்கப் படிவத்தில் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். விடுதி அறையில் ரைஸ் குக்கருக்குப் பெரும்பாலும் அனுமதி இருக்காது, பொதுச் சமையலறை இருக்கும். அதனால் புறப்படும் முன் அவளுக்கு ரசமும் ஒரு பொரியலும் செய்யப் பாட்டியைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட அது முக்கியம்.

கேள்வி: ஒரு கன்சல்டன்சியில் இரண்டு லட்சம் கேட்கிறார்கள். உதவித்தொகையோடு சீட் நிச்சயம் என்கிறார்கள், கட்டுரையும் அவர்களே எழுதித் தருவார்களாம். நம்பலாமா?
– பெயர் வேண்டாம், குரோம்பேட்டை

பதில்: கூடாது. சீட் நிச்சயம் என்று சொல்ல யாராலும் முடியாது. பிறர் எழுதிய கட்டுரை என்று தெரிந்தால் கிடைத்த சீட்டும் போகும். எஜுகேஷன் யுஎஸ்ஏ என்ற அமெரிக்க அரசின் ஆலோசனை மையம் அண்ணா சாலைத் தூதரகக் கட்டடத்தில் இருக்கிறது. அவர்கள் எந்தக் கல்லூரிக்கும் ஆள் பிடிப்பவர்கள் அல்ல. அங்கே முதலில் போங்கள். பல கல்லூரிகளுக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் தளத்தில் விண்ணப்பத்தைப் பிள்ளையே நிரப்பலாம். உதவித்தொகைக்குப் பல கல்லூரிகள் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவம் கேட்கும். அதில் வருமானம், சொத்து விவரம் பெற்றோர்தான் உண்மையாகத் தர வேண்டும்.

இன்னொன்று. பெரும்பாலான கல்லூரிகள் வெளிநாட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது அவர்கள் எவ்வளவு உதவித்தொகை கேட்கிறார்கள் என்பதையும் பார்க்கும். ஆம்ஹர்ஸ்ட், போடன் போன்ற மிகச் சில கல்லூரிகள்தான் அதைப் பார்க்காமல் முடிவு செய்கின்றன. அங்கே போட்டியும் அந்த அளவுக்குக் கடுமை. ஏர்லி டிசிஷன் என்று நவம்பரில் விண்ணப்பித்தால் இடம் கிடைத்ததும் போயே ஆக வேண்டும். மற்ற கல்லூரிகளின் உதவித்தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. முதலிலேயே தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

கேள்வி: இதெல்லாம் எங்களுக்கு எட்டாது மேடம். நான் மெக்கானிக், என் மகன் நன்றாகப் படிப்பான், நிறைய வாசிப்பான். நீங்கள் சொல்கிற மாதிரி ஆசிரியர் கூடவே இருந்து படிக்கிற கல்லூரி இங்கே இல்லையா?
– ஒரு தகப்பன், வியாசர்பாடி

பதில்: இருக்கிறது ஐயா. உங்கள் கடிதத்தைத்தான் முதலில் எடுத்து வைத்தேன்.

தாம்பரத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. 1837-இல் ஜார்ஜ் டவுனில் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. நெரிசலில் இருந்து விலகி, ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் தங்கிப் படிக்க வேண்டும் என்று 1937-இல் தாம்பரத்துக்கு மாறினார்கள். அப்போது அது வெறும் புதர்க்காடு. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவியும் நட்டு வளர்த்த மரங்கள் இன்றும் நிற்கின்றன, புள்ளிமான் திரியும். செலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் என்று அங்குள்ள விடுதிகளுக்கு ஹால் என்று பேர். அந்த ஹால் வாழ்க்கைதான் அங்கே பாதிப் படிப்பு. அரசு உதவி பெறும் பிரிவில் இடம் கிடைத்தால் கட்டணம் உங்களால் கட்டக்கூடியது. சுயநிதிப் பிரிவு கூடுதல், கேட்டுப் பாருங்கள். வகுப்பு அமெரிக்கா மாதிரி பதினாலு பேராக இருக்காது. ஆனால் வாசிக்கிற பையனுக்குக் கதவைத் திறந்து வைக்கும் ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். வியாசர்பாடியிலிருந்து தினமும் போய்வர முடியும். இருந்தாலும் விடுதியில் இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

கிராமத்திலேயே படிக்கட்டும் என்றால் திண்டுக்கல் பக்கம், சிறுமலை அடிவாரத்தில் காந்திகிராமம். டாக்டர் சௌந்தரம், ஜி. ராமச்சந்திரன் ஆகியோரின் முயற்சியில் 1947-இல் பிறந்த அமைப்பு. 1956-இல் கிராமிய நிறுவனமாகி, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. படிப்போடு கிராமங்களில் தங்கி வேலை செய்வதும் பாடத்தின் ஒரு பகுதி. மத்திய அரசு நிதியில் நடப்பதால் செலவு குறைவு.

சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லை தாண்டியதும் ஸ்ரீசிட்டியில் க்ரியா பல்கலைக்கழகம் இருக்கிறது, அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் முறைக்கு நெருக்கமானது. கட்டணம் மிக அதிகம், ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள். விண்ணப்பித்துப் பார்ப்பதில் தவறில்லை.

பையனை நேரில் பார்க்க ஆசையாக இருக்கிறது. இந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கு அவன் தன் கையால் ஒரு கடிதம் எழுதட்டும், என்ன வாசிக்கிறான், எது புரியவில்லை என்று. இந்த மூன்றில் எங்கெங்கே எந்தப் பாடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று அவனுக்கே பதில் போடுகிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வரும் வரை காத்திருக்க வேண்டாம். விண்ணப்பத் தேதிகள் அதற்கு முன்பே தொடங்கிவிடும்.